அவுட்லுக் கோப்பு திறக்க மறுத்தால்: கிருஷ்ணகிரி, தருமபுரி அலுவலகங்களுக்கான கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் வட்டாரத்து மாங்கூழ் ஆலைகள், ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள உதிரிபாகப் பட்டறைகள், கிரானைட் ஏற்றுமதியாளர்கள், தருமபுரியின் தணிக்கையாளர் அலுவலகங்கள் எனப் பல இடங்களில் ஆண்டுக்கணக்கான வணிகக் கடிதப் போக்குவரத்து முழுவதும் ஒரே கணினியில், மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் ஒரே கோப்புக்குள் இருக்கிறது. அந்தக் கோப்பு பழுதாகும் நாளில் அலுவலகத்தினர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. விடைகள் விண்டோஸ் கணினியில் நிறுவப்பட்ட பழைய வகை (கிளாசிக்) அவுட்லுக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தண்டர்பேர்ட் முதலிய வேறு அஞ்சல் மென்பொருள்களுக்குத் தனியே கேள்விகள் உண்டு.

கோப்புதான் பழுதாகியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவுட்லுக் திறக்கும்போதே "இது அவுட்லுக் தரவுக் கோப்பு அன்று" என்றோ, "கோப்பில் பிழைகள் காணப்பட்டன" என்றோ செய்தி வந்தால் ஐயத்துக்கு இடமில்லை. குறிப்பிட்ட ஒரு கோப்புறையைச் சொடுக்கியவுடன் அவுட்லுக் உறைந்துபோவதும், ஒரே அஞ்சல் திரும்பத் திரும்ப வந்து இறங்குவதும், சில அஞ்சல்களின் தலைப்பு தெரிந்து உள்ளடக்கம் வெறுமையாக இருப்பதும் பழுதின் அறிகுறிகளாக இருக்கக்கூடும்.

ஆனால் எல்லாத் தொல்லையும் கோப்புப் பழுது அன்று. தேடினால் அஞ்சல் கிடைக்கவில்லை, கோப்புறையைத் திறந்து கண்ணால் பார்த்தால் இருக்கிறது என்றால், பழுது விண்டோஸின் தேடல் அட்டவணையில் இருக்கிறது. அதை மறுபடி உருவாக்கச் சொன்னால் போதும். அவுட்லுக் திறக்கவே மறுத்தால், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அவுட்லுக் சின்னத்தைச் சொடுக்கி, துணைநிரல்கள் (ஆட்-இன்கள்) இல்லாத சேஃப் மோடில் திறந்து பாருங்கள். அதில் சரியாகத் திறந்தால் கோப்பின் மேல் பழி போட வேண்டியதில்லை. ஏதோ ஒரு துணைநிரல்தான் காரணம். மின்சாரம் போய் வந்த பின் "கோப்பு முறையாக மூடப்படவில்லை, சரிபார்க்கப்படுகிறது" என்று அவுட்லுக் சொல்வதும் இயல்பான ஒன்றே. அந்தச் சரிபார்ப்பை முடிய விடுங்கள். பொறுமையிழந்து கணினியை மறுபடி நிறுத்துவதுதான் சிறு பழுதைப் பெரும் பழுதாக்குகிறது.

பழுது என்று உறுதியானதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நகல் எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் இந்த ஒரு விடையை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

பழுது நீக்கும் கருவி எதுவாயினும் அது கோப்பின் உள்ளே எழுதுகிறது. தனக்குப் புரியாத பகுதியை ஒதுக்கவோ நீக்கவோ செய்கிறது. முதல் முயற்சியில் நீக்கப்பட்டதை இரண்டாவது முயற்சியால் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே அவுட்லுக்கை மூடிவிட்டு, டாஸ்க் மேனேஜரில் அது பின்னணியில் இயங்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, பழுதான கோப்பை அப்படியே வேறொரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அந்த நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து, பழுது நீக்கும் வேலைகள் அனைத்தையும் அந்த இரண்டாம் நகலின் மேல் மட்டுமே செய்யுங்கள். மூலக் கோப்பும் முதல் நகலும் தொடப்படாமல் இருக்கட்டும்.

பென் டிரைவில் நகலெடுக்கும்போது "கோப்பு மிகப் பெரியது" என்று வந்தால், இடம் போதவில்லை என்று எண்ண வேண்டாம். ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்ட பென் டிரைவ், எவ்வளவு காலியிடம் இருந்தாலும், 4 ஜிபியைத் தாண்டிய தனிக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த சாதனம் வேண்டும்.

நகலெடுப்பு நடுவில் நின்றுபோனாலோ, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒலி வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, ஹார்ட் டிஸ்க் பழுதைப் பற்றிக் கீழே உள்ள கேள்விக்குச் செல்லுங்கள். "விண்டோஸை ஒருமுறை புதிதாகப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும், அந்தக் கோப்பின் நகல் உங்கள் கையில் வரும் வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் ஊர்களில் அஞ்சல்கள் நிலையாகப் போய்விடுவது பழுதினால் அல்ல, பெரும்பாலும் இந்த அவசர ஃபார்மட்டினால்தான் என்பது என் கருத்து.

பி.எஸ்.டி., ஓ.எஸ்.டி. என்று இரண்டு வகைக் கோப்புகள் இருக்கின்றனவே, எங்களுடையது எது?

இந்த வேறுபாடு தெரிந்தால் பாதிக் கவலை தீரும். பி.எஸ்.டி. கோப்பில் இருப்பது அஞ்சல்களின் மூலப் பிரதி. பாப் முறையில் (அஞ்சலைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) அமைக்கப்பட்ட கணக்குகள், ஆர்க்கைவ் செய்யப்பட்ட பழைய அஞ்சல்கள், நீங்களாகவே உருவாக்கிய தனிக் கோப்புறைகள் ஆகியவை இதில் இருக்கும். பாப் முறையில், "சர்வரில் ஒரு பிரதி இருக்கட்டும்" என்ற தெரிவை இயக்கியிருந்தாலொழிய, அஞ்சல் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து நீக்கப்பட்டுவிடும். அவுட்லுக் 2010 முதல் அந்தத் தெரிவு தானாகவே இயக்கப்பட்டிருந்தாலும், 14 நாள்களுக்குப் பின் சர்வர்ப் பிரதி நீக்கப்படும் என்பதே அதன் இயல்பான அமைப்பு. எனவே பி.எஸ்.டி. பழுதானால் திரும்பப் போய்க் கேட்க வேறிடம் இராது.

ஓ.எஸ்.டி. என்பது சர்வரில் இருக்கும் அஞ்சல் பெட்டியின் உள்ளூர்ப் பிரதி. மைக்ரோசாஃப்ட் 365, எக்ஸ்சேஞ்ச் கணக்குகளுக்கும், அவுட்லுக் 2013 முதல் ஐமேப் (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துக் காட்டும் முறை) கணக்குகளுக்கும் இவ்வகைக் கோப்பே உருவாகிறது. அவுட்லுக் 2010 வரை ஐமேப் கணக்குக்கும் பி.எஸ்.டி.யே உருவானது என்பதால், பழைய கணினிகளில் கோப்பின் பின்னொட்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், கணக்கு எந்த முறையில் அமைக்கப்பட்டது என்பதையும் பாருங்கள்.

அந்தக் கோப்பு கணினியில் எங்கே இருக்கும்?

அவுட்லுக் திறக்குமானால் ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்ற வழியில் சென்றால் ஒவ்வொரு கோப்பின் இடமும் தெரியும். திறக்காவிட்டால் கன்ட்ரோல் பேனலில் உள்ள மெயில் என்பதன் வழியே அதே பட்டியலைப் பார்க்கலாம். அவுட்லுக் 2010 முதல் பி.எஸ்.டி. கோப்புகள் டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற உள்கோப்புறையிலும், ஓ.எஸ்.டி. கோப்புகள் பயனர் கோப்புறையின் மறைவான ஆப்டேட்டா பகுதியிலும் இருப்பது வழக்கம்.

ஓ.எஸ்.டி. கோப்பு பழுதானால் அதைப் பழுதுபார்க்க வேண்டுமா?

பொதுவாக வேண்டியதில்லை. முதலில் உலாவி வழியாக உங்கள் அஞ்சல் கணக்குக்குள் நுழைந்து, அஞ்சல்கள் எல்லாம் சர்வரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவுட்லுக்கை மூடி, ஓ.எஸ்.டி. கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி திறங்கள். அவுட்லுக் புதிய கோப்பை உருவாக்கி எல்லாவற்றையும் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும். அஞ்சல் பெட்டி பெரிதாக இருந்தால் இதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இதைத் தொடங்க வேண்டாம்.

பெயரை மாற்றுங்கள் என்றுதான் சொன்னேன், அழிக்கச் சொல்லவில்லை. சர்வருக்குப் போய்ச் சேராமல் நின்ற வரைவுகளும், அவுட்பாக்ஸில் தேங்கிய அஞ்சல்களும், "இந்தக் கணினியில் மட்டும்" என்ற கோப்புறைகளும் அந்தப் பழைய கோப்பில் மட்டுமே இருக்கக்கூடும். அதைவிட முக்கியமாக, வேலையை விட்டுச் சென்ற ஊழியரின் கணக்கைச் சர்வரில் நீக்கிவிட்ட பின் அவருடைய ஓ.எஸ்.டி. மட்டும் எஞ்சியிருந்தால், அதுவே ஒரே பிரதி. ஓ.எஸ்.டி. கோப்பை அதற்குரிய கணக்கு இல்லாமல் அவுட்லுக் நேரடியாகத் திறக்காது; வேறு மாற்றுக் கருவி தேவைப்படும். எனவே ஊழியர் விலகும்போது, கணக்கை நீக்குவதற்கு முன்பே, அவருடைய அஞ்சல்களைப் பி.எஸ்.டி.யாக ஏற்றுமதி செய்து வைப்பது அலுவலக வழக்கமாக இருக்க வேண்டும்.

பி.எஸ்.டி. கோப்பை நாமே பழுதுபார்க்க முடியுமா?

முடியும். அவுட்லுக்குடன் இலவசமாகவே வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி அதற்காகவே உள்ளது. ஸ்டார்ட் மெனுவில் அது தென்படாது. அவுட்லுக் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் தேட வேண்டும். அவுட்லுக் 2016 முதல் இன்றைய 365 பதிப்பு வரை அது ஆஃபீஸ்16 என்ற கோப்புறையிலும், 2013இல் ஆஃபீஸ்15 என்பதிலும், 2010இல் ஆஃபீஸ்14 என்பதிலும் இருக்கும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆஃபீஸ் நிறுவியிருந்தால் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரில் உள்ள இரு கோப்புறைகளில் எக்ஸ்86 என்று குறிக்கப்பட்டதைத் திறக்க வேண்டும்.

அவுட்லுக்கை மூடிவிட்டுக் கருவியை இயக்கி, பிரவுஸ் பொத்தானால் உங்கள் இரண்டாம் நகலைத் தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் கொடுங்கள். கருவி எட்டுக் கட்டங்களாகக் கோப்பைப் படித்துப் பார்க்கும். பிழை கண்டால் எத்தனை கோப்புறைகள், எத்தனை உருப்படிகள் கிடைத்தன என்று சொல்லி, பழுதுபார்க்கலாமா என்று கேட்கும். அப்போது "பழுதுபார்க்கும் முன் நகல் எடு" என்ற தெரிவு இயக்கப்பட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு ரிப்பேர் என்பதைச் சொடுக்குங்கள். அந்த நகல் அதே கோப்புறையில் உருவாகும் என்பதால், கோப்பின் அளவுக்கு மேல் காலியிடம் இருக்க வேண்டும். 20 ஜிபி கோப்புக்கு 5 ஜிபி இடத்தை வைத்துக்கொண்டு இறங்கினால் வேலை நடுவழியில் நிற்கும்.

பெரிய கோப்பானால் பல மணி நேரம் ஆகலாம். இடையில் முன்னேற்றக் கோடு அசையாமல் நிற்பதைப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், அதுவும் சித்திரை வைகாசியில் இடிமழை வரும் மாலை வேளையில், இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மடிக்கணினியில் செய்வது பாதுகாப்பானது.

முதல் சுற்று முடிந்ததும் கருவியை மறுபடி இயக்குங்கள். ஒரு பிழையைச் சரிசெய்த பின்பே அதன் அடியில் இருந்த இன்னொரு பிழை வெளிப்படுவதுண்டு. பிழை இல்லை என்று சொல்லும் வரை திரும்ப இயக்குவது வழக்கம். மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகும் பிழைகள் குறையவில்லை என்றால் இந்தக் கருவியால் ஆகக்கூடியது முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பழுது நீக்கிய பின் கோப்பைத் திறந்தால் பாதி அஞ்சல்களைக் காணோமே, ஏன்?

பி.எஸ்.டி. கோப்பின் உள்ளமைப்பை ஓரளவு தெரிந்துகொண்டால் இது விளங்கும். அந்தக் கோப்புக்குள் அஞ்சல்கள் சிறு சிறு துண்டுகளாக ஆங்காங்கே எழுதப்பட்டிருக்கும். எந்தத் துண்டு எந்த இடத்தில் இருக்கிறது, எந்த அஞ்சல் எந்தக் கோப்புறைக்கு உரியது என்பவற்றைச் சொல்லும் இரண்டு அட்டவணை மரங்களும், எந்த இடம் நிரம்பியது, எது காலி என்பதைக் குறிக்கும் இட வரைபடங்களும் அதே கோப்புக்குள் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத் தொகுதிகள் அலமாரியில் அப்படியே இருக்க, சர்வே எண்வாரியான அட்டவணைப் புத்தகத்தின் தாள்கள் மட்டும் கிழிந்துபோனால் எந்த நிலை ஏற்படுமோ, பழுதான பி.எஸ்.டி.யின் நிலையும் பல நேரங்களில் அதுவே. ஸ்கேன்பிஎஸ்டி அந்த அட்டவணையைத்தான் புதுப்பிக்கிறது. தொலைந்த பத்திரத்தை எழுதித் தருவது அதன் வேலை அன்று.

எந்தக் கோப்புறைக்கு உரியது என்று தெரியாத அஞ்சல்களைக் கருவி 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' அல்லது 'ரெக்கவர்ட் பர்சனல் ஃபோல்டர்ஸ்' என்ற கோப்புறைக்குள் போடும். காணாமல் போனவை என்று நினைத்தவற்றை முதலில் அங்கே தேடுங்கள். அவை கிடைத்தால், அவுட்லுக்கில் புதிய பி.எஸ்.டி. ஒன்றை உருவாக்கி, நல்ல கோப்புறைகளையும் மீட்ட அஞ்சல்களையும் அதற்குள் இழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் புதிய கோப்பையே இனிப் பயன்படுத்துங்கள். ஒருமுறை பழுதாகித் தேறிய கோப்பில் புது அஞ்சல்களைத் தொடர்ந்து சேர்ப்பது நல்லதன்று. கருவி அதே கோப்புறையில் ஒரு பதிவுக் குறிப்பையும் எழுதி வைக்கும். எவை நீக்கப்பட்டன என்பதை அதில் பார்க்கலாம்.

கோப்பு ஏன் பழுதாகிறது?

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது ஒரு காரணம். அவுட்லுக் மூடப்பட்டது போலத் தோன்றினாலும் சில நொடிகள் பின்னணியில் எழுதிக்கொண்டிருக்கும். மாலையில் அலுவலகத்தின் மெயின் சுவிட்சை அணைத்துக் கணினியை நிறுத்தும் பழக்கம் அதனால்தான் ஆபத்தானது. பேட்டரி செத்த யுபிஎஸ் யுபிஎஸ் அன்று.

அடுத்தது அளவு. அவுட்லுக் 2002 வரையான பழைய வகைக் கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. அவுட்லுக் 2003, 2007 ஆகியவற்றில் இயல்பான வரம்பு 20 ஜிபி. 2010 முதல் 50 ஜிபி. விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் இந்த வரம்பை உயர்த்த முடியும் என்றாலும், உயர்த்தக் கேட்பவர்களுக்கு நான் ஆண்டுவாரியாகக் கோப்பைப் பிரிக்கவே சொல்கிறேன். பத்து ஜிபிக்குள் அடங்கும் கோப்பை நகலெடுப்பதும் எளிது, பழுதுபார்ப்பதும் எளிது. அஞ்சல்களை அழித்தால் மட்டும் கோப்பு சிறுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அழித்த பின் டேட்டா ஃபைல் செட்டிங்ஸில் உள்ள 'காம்பேக்ட் நவ்' என்பதைச் சொடுக்கினால்தான் காலியான இடம் உடனே வெளியேறும்.

மூன்றாவது, கோப்பை வைக்கும் இடம். அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரே அஞ்சல்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, பகிரப்பட்ட நெட்வொர்க் கோப்புறையில் பி.எஸ்.டி.யை வைத்து இரு கணினிகளிலிருந்தும் திறப்பது சிறு அலுவலகங்களில் காணப்படும் வழக்கம். நெட்வொர்க் வழியாகப் பி.எஸ்.டி.யைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரே அஞ்சல் வேண்டுமென்றால் ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் கணக்குதான் வழி. ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பின் ஒத்திசைவுக் கோப்புறைக்குள் இயங்கும் பி.எஸ்.டி.யை வைப்பதும் தவறே. விண்டோஸ் டாக்குமென்ட்ஸ் கோப்புறையைத் தானாகவே ஒன்டிரைவுக்குள் சேர்த்துவிடும் கணினிகளில் இது நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது என்பதால் ஒருமுறை சரிபாருங்கள்.

2 ஜிபி எல்லையை எட்டி நின்றுபோன பழைய கோப்பு ஒன்று இருக்கிறது. திறக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் இழப்போடு. அளவு மீறிய கோப்பின் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்து எல்லைக்குள் கொண்டுவரும் சிறு கருவி ஒன்றை மைக்ரோசாஃப்ட் முன்பு வழங்கியது. வெட்டிய பின் ஸ்கேன்பிஎஸ்டி இயக்க வேண்டும். வெட்டப்பட்ட பகுதியில் இருந்தவை போய்விடும். எனவே நகலின் மேல் மட்டுமே, அதுவும் வேறு வழியில்லாதபோதே செய்க. பழைய கோப்பு நன்றாகத் திறக்கிறது என்றால், இன்றே புதுவகைக் கோப்பு ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கே பழுதாகியிருந்தால்?

அப்போது கோப்பைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு டிஸ்க்கைப் பற்றிப் பேச வேண்டும். ஒலி எழுப்பும் டிஸ்க்கில் ஸ்கேன்பிஎஸ்டியையோ செக்டிஸ்க்கையோ இயக்குவது, இருக்கும் உயிரையும் எடுப்பதாகும். செக்டிஸ்க் என்பது கோப்பு முறைமையைச் சீர்செய்யும் கருவி. அதற்கு உங்கள் அஞ்சல் முக்கியமன்று. முறைமை ஒழுங்காக இருப்பதற்காக ஒரு கோப்பைத் துண்டித்து, எஞ்சிய துண்டுகளை வேறொரு கோப்புறையில் போட்டுவிடவும் அது தயங்காது.

டிஸ்க் இன்னும் படிக்கப்படுகிறது என்றால், அதை வேறொரு கணினியில் இணைத்து, பழுதான பகுதிகளைத் தாண்டிச் சென்று முழு டிஸ்க்கையும் ஒரே பெரிய கோப்பாக, அதாவது பிம்பமாக, எடுக்கும் மென்பொருளால் நகல் எடுக்க வேண்டும். லினக்ஸில் கிடைக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இதற்குப் பெயர்பெற்ற இலவசக் கருவி. பிம்பத்திலிருந்து கோப்பை எடுத்த பிறகே மேற்சொன்ன பழுது நீக்கும் வேலை. டிஸ்க் சுற்றவே இல்லை, அல்லது கணினி அதை அடையாளம் காணவே இல்லை என்றால், தூசியற்ற அறையில் அதைத் திறந்து பார்க்கும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நம் பகுதியினருக்கு அது பெங்களூருப் பயணம். எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்த கோப்பை மீட்பது இன்னும் கடினம்: அழித்த இடங்களை டிரிம் என்ற ஏற்பாடு விரைவிலேயே வெறுமையாக்கிவிடும். கோப்பு அழிந்தது தெரிந்த கணமே கணினியை நிறுத்துவதுதான் அங்கு இருக்கும் ஒரே வாய்ப்பு.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பயன்படுமா?

சில நேரங்களில் பயன்படும். ஸ்கேன்பிஎஸ்டி கைவிட்ட கோப்பிலிருந்தும், உரிய கணக்கில்லாத ஓ.எஸ்.டி.யிலிருந்தும் அஞ்சல்களை வெளியே எடுக்கும் மென்பொருள்கள் உள்ளன. இவற்றில் பல, மீட்கக்கூடிய அஞ்சல்களை முன்கூட்டியே காட்டும் இலவசச் சோதனைப் பதிப்பைத் தருகின்றன. அந்த முன்காட்சியில் உங்களுக்கு வேண்டிய அஞ்சலைத் திறந்து, உள்ளடக்கமும் இணைப்பும் தெரிகின்றனவா என்று பார்த்த பின்பே பணம் கட்டுங்கள். கோப்புறைப் பெயர்கள் மட்டும் தெரிவதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

பி.எஸ்.டி.யின் உள்ளமைப்பு விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2010இல் வெளியிட்டது. லினக்ஸ் தெரிந்தவர்கள் ரீட்பிஎஸ்டி என்ற திறமூலக் கருவியையும் முயன்று பார்க்கலாம். அது மூலக் கோப்பில் எதையும் எழுதாமல் படித்து மட்டும் எடுப்பதால் எனக்கு அதில் விருப்பம் அதிகம்.

பூட்டு உடைத்த திருட்டுப் பதிப்புகளையும், "கோப்பைப் பதிவேற்றுங்கள், சரிசெய்து தருகிறோம்" என்னும் முகமறியாத தளங்களையும் நாடாதீர்கள். வங்கி விவரங்களும் வாங்குபவரின் விலைப் பேச்சுகளும் அடங்கிய கோப்பை அறியாதவர் கையில் கொடுப்பது பழுதைவிடப் பெரிய இழப்பு.

கோப்பின் பெயருக்குப் பின்னால் புதிய பின்னொட்டு ஒன்று சேர்ந்து, எந்தக் கோப்பும் திறக்கவில்லை. இதுவும் பழுதா?

அன்று. இது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரலின் (ரான்சம்வேர்) வேலை. கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது, ஸ்கேன்பிஎஸ்டியால் பயனில்லை. நெட்வொர்க் கேபிளை உடனே கழற்றுங்கள், பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணினியில் இணைக்காதீர்கள், பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் ஒரு நகல் வையுங்கள். சில வகைப் பூட்டுகளுக்குப் பிற்காலத்தில் இலவசத் திறவுகோல் வெளிவந்ததுண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். பண மோசடியும் நடந்திருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறோம். எங்களுக்கு என்ன வழி?

எளிய வழி. தண்டர்பேர்ட் இயல்பாக ஒவ்வொரு கோப்புறையின் அஞ்சல்களையும் எம்பாக்ஸ் என்ற வெறும் எழுத்துக் கோப்பில் வரிசையாக எழுதுகிறது. அதன் பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் அட்டவணைக் கோப்பு ஒன்றும் இருக்கும். பெரும்பாலும் கெடுவது அட்டவணைதான். கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி, புராப்பர்ட்டீஸ் சென்று, ரிப்பேர் ஃபோல்டர் என்பதை அழுத்தினால் அது புதிதாக உருவாகும். எம்பாக்ஸ் கோப்பை நோட்பேட் போன்றவற்றில் திறந்தே அஞ்சல்களைப் படிக்க முடியும் என்பதால் முழு இழப்பு அரிது.

பழைய எக்ஸ்பி கணினியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அஞ்சல்கள் உள்ளன.

அவை டிபிஎக்ஸ் கோப்புகள். கோப்புறைக்கு ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி எல்லை உண்டு. நகலெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோய் மாற்றுக் கருவியால் எடுக்கலாம். அந்தக் கணினியை மேலும் இயக்க வேண்டாம்.

நாங்கள் ஜிமெயிலை உலாவியில் மட்டுமே பார்க்கிறோம். எங்களுக்கும் இந்தத் தொல்லை வருமா?

வராது, உங்கள் கணினியில் பழுதாவதற்குக் கோப்பே இல்லை. கூகுள் டேக்அவுட் வழியாக அவ்வப்போது எம்பாக்ஸ் பிரதி ஒன்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்ட அஞ்சல்களில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. சரிசெய்ய முடியுமா?

இரண்டு வேறு நிலைகள் உள்ளன. பழைய 2 ஜிபி வகைக் கோப்பு யூனிகோடுக்கு முந்தையது. விண்டோஸின் பழைய எழுத்துக் குறியீட்டுப் பக்கங்களில் தமிழுக்கு இடமில்லை என்பதால், அத்தகைய கோப்பில் சேமித்த தமிழ்த் தலைப்புகளும் கோப்புறைப் பெயர்களும் சேமிக்கும்போதே கேள்விக்குறிகளாகிவிடுகின்றன. அவற்றை மீட்க முடியாது. பழுது நீக்கும்போது நகலைப் பழைய வகைக் கோப்புக்குள் இறக்குமதி செய்துவிடாமல் இருப்பதே இதற்கான முன்னெச்சரிக்கை.

மாறாக, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் விசித்திரக் குறிகளும் கலந்து தெரிந்தால், அந்த அஞ்சல் டிஸ்கி, டேப், பாமினி போன்ற பழைய எழுத்துரு முறை ஒன்றில் எழுதப்பட்டிருக்கும். அது பழுதே அன்று. இலவச எழுத்துரு மாற்றியில் இட்டால் யூனிகோடுத் தமிழாகிவிடும்.

அந்த அஞ்சல்கள் ஒரு வழக்குக்குச் சான்றாக வேண்டும். பழுதுபார்த்தால் செல்லுபடியாகுமா?

இதில் அவசரப்படாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்துடன் ஒரு சான்றிதழையும் கேட்கிறது. அதன் படிவத்தில், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். பழுதுபார்த்தால் ஹாஷ் மாறிவிடும். ஆகவே பழுதான மூலக் கோப்பின் ஹாஷை, எதையும் தொடுமுன், விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் கணக்கிட்டு எழுதி வையுங்கள். மூலக் கோப்பு இருக்கும் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வழக்கே இல்லாவிட்டாலும், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு கணக்குப் பதிவேடுகளை ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்வதால், விலைப்பட்டியல்கள் இணைந்த பழைய அஞ்சல்களை அந்தக் காலம் வரை விட்டுவிட முடியாது.

இனி வராமலிருக்க எப்படிப் பேக்கப் எடுப்பது?

அவுட்லுக்கை மூடிய பின், வாரம் ஒருமுறை, இரண்டு வெளிப்புற டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி எடுங்கள். ஒரே டிஸ்க்கில் பழைய நகலின் மேலேயே எழுதினால், பழுதான கோப்பு நல்ல நகலை அழித்துவிடும். ஒரு டிஸ்க் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறையேனும் நகலை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கிடக் கூடாது. மாங்கூழ் ஆலைகள் மாம்பருவம் தொடங்கும் முன்பே, ஏப்ரலுக்குள், பழைய ஆண்டின் அஞ்சல்களைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிடுவது நல்லது. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது இதற்கு யாருக்கும் நேரமிருக்காது.

கணினிக் கடையில் கொடுப்பதானால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

எந்தக் கோப்பு, அது எந்த இடத்தில் இருக்கிறது, எந்தக் காலத்து அஞ்சல்கள் கட்டாயம் வேண்டும் என்பவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஃபார்மட் செய்யக் கூடாது, மூலக் கோப்பின் மேல் எந்தக் கருவியையும் இயக்கக் கூடாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அஞ்சல் மீண்டால் எவ்வளவு, மீளாவிட்டால் எவ்வளவு என்று கூலியை முன்னமே பேசிக்கொள்ளுங்கள். அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்க நேர்ந்தால், வேலை முடிந்த அன்றே மாற்றிவிடுங்கள். கடைக் கணினியில் உள்ள நகலை உங்கள் முன்னிலையில் அழிக்கச் சொல்லுங்கள்.